பழைய கை மெசின் வாங்கலாமா?

(தோட்ட மாதர் குழுவின் மாதாந்தக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் பேசியது. வர முடியாமற்போனவர்கள் கேட்டுக்கொண்டபடி எழுத்தில் தரப்படுகிறது.)



இன்றைக்குச் சத்துணவைப் பற்றிப் பேசுவதாகத்தான் அறிவித்தல் போட்டிருந்தோம். அதை அடுத்த மாதத்துக்கு வைத்துக்கொள்வோம். ஏனென்றால் மூன்று நான்கு மாதமாக, மலையில் கண்டாலும் பிள்ளைக்காம்பராவில் கண்டாலும் நீங்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி. "சேர், பழைய கை மெசின் ஒன்னு வெலைக்கி வருதாம், வாங்கலாமா?" சம்பளத்து அன்றைக்குக் கடைவீதியில் ஓர் ஆள் கறுப்பு மெசினைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பதை நானும் கண்டேன். கேட்டவர்களுக்கெல்லாம் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரேயடியாகச் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் வாங்க வேண்டியதன் அவசியத்தைப் பார்ப்போம். 1993 ஆம் ஆண்டிலிருந்து அரசாங்கம் பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சீருடைத் துணியை இலவசமாகக் கொடுத்து வருகிறது. இடையில் சில வருடம் துணிக்குப் பதில் வவுச்சர் வந்தது. துணி இலவசம்தான், தையற்கூலி இலவசமில்லையே! மூன்று பிள்ளைகள் படிக்கிற வீட்டில் பாடசாலை தொடங்குகிற நேரம் அந்தக் கூலி எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். டவுனுக்குப் போய்வர பஸ் காசு வேறு. லயத்துக்கு ஒரு மெசின் இருந்தால் அந்தக் காசு லயத்துக்குள்ளேயே நிற்கும். அதனால்தான் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எதை வாங்குகிறீர்கள், எந்தக் காசில் வாங்குகிறீர்கள் என்பதைத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

எனக்கு இதைப் பற்றி என்ன தெரியும் என்று சிலர் நினைக்கலாம். என் ஊர் மாவடிப்பள்ளி. விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவு உங்களுக்குத் தெரியும். அங்கிருந்து சம்மாந்துறைக்குப் போகிற வீதியில், இரண்டு பக்கமும் வயலும் நீரும் உள்ள ஊர். 2024 நவம்பர் வெள்ளத்தில் உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டு மதரஸாப் பிள்ளைகள் பறிபோன செய்தியில் எங்கள் ஊர்ப் பெயரைக் கேட்டிருப்பீர்கள். கல்முனைப் பக்கம் முழுக்கவே துணியோடு பழகிய பகுதி. மருதமுனையில் கைத்தறி, மற்ற ஊர்களில் வீட்டுக்கு வீடு தையல். எங்கட பக்கத்தில் வீடு பெண் பிள்ளைக்குத்தான் சீதனமாகப் போகும், மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அதனால் வீட்டில் இருக்கிற கை மெசினும் வீட்டோடு சேர்ந்து உம்மாவிடமிருந்து மகளுக்குப் போய்விடும். பெருநாள் நெருங்கினால் இரவு முழுக்க அந்தச் சத்தம் கேட்கும். பாயில் உட்கார்ந்து உம்மா இரண்டு கையாலும் துணியைப் பிடிப்பார், கைபிடியைச் சுற்றுவது என் வேலை. ஒரு மெசின் நல்லா இருக்கா இல்லையா என்பது அப்போதே என் காதில் ஏறிவிட்டது.

மெசினுக்கு வருவோம். இந்த நாட்டில் பழைய மெசின் என்றால் பெரும்பாலும் சிங்கர்தான். 1877 இலேயே சிங்கர் கம்பனி கொழும்புப் புறக்கோட்டையில் கடை திறந்துவிட்டது. மொத்தக் காசு இல்லாதவர்களுக்குத் தவணைக்கு மெசின் கொடுப்பது அந்தக் கம்பனி அமெரிக்காவில் 1850களிலேயே தொடங்கிய வழக்கம். எந்திரமே வேண்டாம் என்று பேசிய காந்தியடிகள்கூட 1924 இல் சிங்கர் மெசினுக்கு விலக்குக் கொடுத்தார். சிங்கருக்கு அடுத்தபடி இந்தியாவின் உஷா, சீனாவின் பட்டர்பிளை ஆகியவற்றையும் காணலாம். அவற்றையும் குறைவாக நினைக்க வேண்டாம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

நம் பக்கம் வந்த பழைய சிங்கர்களில் அநேகமானவை ஸ்கொத்லாந்தில் கிளைட்பேங்க் என்ற ஊரிலுள்ள தொழிற்சாலையில் செய்தவை. அந்தத் தொழிற்சாலை 1885 இல் திறந்து 1980 இல் மூடப்பட்டது. ஆகவே அங்கே செய்த மெசின் எதுவும் அதற்குப் பிந்தியது அல்ல. மெசினின் அடித்தட்டில், வலது பக்கம் ஓர் எண் பொறித்திருக்கும். எண்ணுக்கு முன்னால் ஓர் ஆங்கில எழுத்தோ இரண்டோ இருந்தால் அது 1900 அல்லது அதற்குப் பிறகு செய்தது. எழுத்தே இல்லாமல் வெறும் எண் என்றால் அதற்கும் முந்தியது. விற்பவர் "நூற்றைம்பது வருஷத்துச் சாமான்" என்று சொன்னால் அந்த இடத்தைத் தடவிப் பாருங்கள். ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன்: வயது கூடியதற்காக விலை கூடத் தேவையில்லை. நமக்குத் தைக்கத்தானே வேண்டும், கண்ணாடி அலுமாரியில் வைக்கவா?

விலையைப் பற்றி ஒரு வேடிக்கையும் இருக்கிறது. சவூதிக்கு வேலைக்குப் போய்வந்த அக்காமார்களுக்கு ஞாபகம் இருக்கலாம். 2009 ஏப்ரலில் அங்கே ஒரு கதை கிளம்பியது. பழைய சிங்கர் மெசினுக்குள் "சிவப்புப் பாதரசம்" இருக்கிறதாம், அது பெரிய புதையலுக்குச் சமமாம். மெசினுக்குப் பக்கத்தில் கைத்தொலைபேசியைப் பிடித்தால் இணைப்பு அறுந்துவிடுமாம், அதுதான் அடையாளமாம். ஒரு மெசினுக்கு 2 இலட்சம் ரியால் வரை கேட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. கடைசியில் எல்லாம் புரளி. மெசினுக்குள் இருப்பது இரும்பும், கொஞ்சம் எண்ணெயும், நிறையத் தூசியும்தான். அந்தக் கதையை இன்னும் சொல்லி விலை ஏற்றுகிறவர்கள் உண்டு. கேட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள்.

இனி, வாங்கப் போகும்போது பார்க்க வேண்டியது.

தங்கப் பூ வேலையைப் பார்த்து மயங்க வேண்டாம். கறுப்பு மையை அடித்துப் புதுப் பூ ஒட்டுவது ஒரு நாள் வேலை. கையை வலது பக்கச் சில்லில் வைத்து, உங்கள் பக்கமாக மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு முழுச் சுற்று, பத்துச் சுற்று. ஒரே மாதிரிப் போக வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பிடித்தால் உள்ளே ஏதோ வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது. முழுவதும் சமமாக இறுக்கமாய் இருந்தால் பயமில்லை, அது காய்ந்த எண்ணெய், கழுவினால் போய்விடும். இந்த வித்தியாசம் தெரிந்தால் போதும், பாதி ஏமாற்றத்திலிருந்து தப்பலாம். விற்பவருக்குத் தெரியாமல் இறுகிக் கிடக்கிற மெசின் சில சமயம் மலிவாகவும் கிடைக்கும்.

அடுத்தது, ஊசிக்கு அடியில் உள்ள தகட்டை இழுத்துத் திறந்து உள்ளே பாருங்கள். இதுதான் முக்கியமான இடம். பழைய சின்ன மெசின்கள் சிலவற்றில் உள்ளே தோணி மாதிரி நீட்டு ஷட்டில் ஒன்று முன்னும் பின்னும் ஆடும். அதற்குள் ஒல்லியான நீட்டுப் பொபின் இருக்கும். இவை நல்ல மெசின்கள், தையல் முத்து முத்தாக விழும். ஆனால் அந்தத் தோணி ஷட்டில் தொலைந்திருந்தால் வாங்காதீர்கள். டவுனில் தேடினாலும் கிடைப்பது கஷ்டம், ஷட்டில் இல்லாத மெசின் கதவுக்கு முட்டுக் கொடுக்கத்தான் உதவும். வட்டப் பொபின் உள்ள மெசினிலும் இரண்டு வகை. ஒன்றில் பொபினை மேலிருந்து போடுவது. சிங்கர் 66, அதன் சின்னத் தங்கச்சி 99 ஆகியவை அப்படி. மற்றதில் பொபினை ஒரு கேசுக்குள் போட்டு இடது பக்கத்தால் செருகுவது. இந்த இடதுபக்க வகையைத்தான் இந்தியாவிலும் சீனாவிலும் அதிகம் பார்த்துச் செய்தார்கள். உஷாவும் பட்டர்பிளையும் குறைவில்லை என்று சொன்னது இதனால்தான். சாமான் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஒன்றின் பொபினை மற்றதில் போட்டால் பார்வைக்கு ஏறும், ஆனால் நூல் சிக்கும். 99 இன் பொபின் இரண்டு பக்கமும் லேசாகக் குவிந்திருக்கும், மற்றது தட்டை.

பிறகு நூல் கோக்காமலே ஒரு தாளைத் தைத்துப் பாருங்கள். ஓட்டைகள் நேர்கோட்டில், ஒரே இடைவெளியில் விழ வேண்டும். சரி என்றால் நூலைப் போட்டு, நீங்கள் கொண்டுபோன துணியில் தைத்துக் காட்டச் சொல்லுங்கள். அவருடைய துணியில் அல்ல, உங்களுடையதில். பழைய சீருடைத் துண்டு ஒன்றும், இரண்டாய் மடித்த தடித்த துணி ஒன்றும் எடுத்துப் போங்கள். சில்லின் நடுவிலுள்ள திருகைத் தளர்த்தினால் சில்லு மட்டும் சுற்றி ஊசி நிற்க வேண்டும், பொபினில் நூல் சுற்றுவது அப்படித்தான். இரும்பில் வெடிப்பு இருக்கிறதா, அடிப்பலகையைக் கறையான் தின்றிருக்கிறதா என்று கவிழ்த்துப் பாருங்கள்.

மரப்பெட்டியை மூடியின் கைபிடியில் மட்டும் தூக்காதீர்கள். பெயர்தான் கொண்டுபோகும் மெசின், இரும்பு பத்துக் கிலோவுக்கு மேல் வரும். பழைய பூட்டு விட்டுக்கொடுத்தால் மூடி கையில், மெசின் காலில். மேற்பிரிவுக்கு ஏறுகிறவர்கள் அடியில் கை கொடுத்துச் சாக்கில் கட்டித் தூக்குங்கள். அந்த மரப்பெட்டியைப் பற்றி உங்களுக்குச் சொல்லத்தக்க விஷயம் ஒன்று. 1911 மார்ச்சில் கிளைட்பேங்க் தொழிற்சாலையில் மரவேலைக்கு மினுக்கு ஏற்றும் 12 பெண்களுக்கு வேலையைக் கூட்டிச் சம்பளத்தைக் குறைத்தார்கள். அவர்கள் வெளியே வந்தார்கள். அவர்களுக்காக ஏறத்தாழ 11,000 பேர் வேலையை நிறுத்தினார்கள். வேலைநிறுத்தம் தோற்றது, முன்னின்ற நானூறு பேரளவில் வேலை இழந்தார்கள். அன்றைய பெட்டி ஏதாவது நம் லயத்துக்கு வந்திருந்தால் அதை மினுக்கிய கை அப்படிப்பட்ட கை.

கரண்ட் மோட்டர் பூட்டிய பழைய மெசினை நான் சிபாரிசு செய்யமாட்டேன். வயரின் ரப்பர் காய்ந்து உதிர்ந்திருக்கும், லயக் காம்பராவில் ஈரத்தோடு அது ஆபத்து. வெளிநாட்டிலிருந்து வந்த சிலது அமெரிக்காவின் 110 வோல்ட்டுக்குச் செய்தவை, நம் 230 வோல்ட்டில் போட்டதும் புகைந்துவிடும். கால் மெசின் நல்லதுதான், ஆனால் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் அதை வைத்துவிட்டுப் பிள்ளைகளை எங்கே படுக்க வைப்பது? கை மெசின் என்றால் கட்டிலுக்கு அடியில் போய்விடும். கார்மெண்டில் வேலை செய்த பிள்ளைகளுக்கு இது ஆமை மாதிரித் தெரியும். ஒரு கை சில்லில், ஒரு கைதான் துணியில். இரண்டு கிழமை பொறுங்கள், கை பழகிவிடும்.

காசு விஷயம். விலை இவ்வளவு என்று நான் சொல்லமாட்டேன், சொன்னால் ஆறு மாதத்தில் பொய்யாகிவிடும். ஆனால் கிழமைக்குக் கிழமை வாசலுக்கு வந்து வசூலிக்கிற கடனை எடுத்து மெசின் வாங்காதீர்கள். மெசின் முதல் மாதமே உழைக்காது, கடன்காரர் முதல் கிழமையே வருவார். தீபாவளி முற்பணத்தைப் போடலாம் என்று ஒரு தங்கச்சி சொன்னார். அதைப் பிறகு சம்பளத்தில்தானே வெட்டுகிறார்கள், அதோடு தீபாவளிக்குப் பிள்ளைகளுக்கு என்ன செய்வது? சீட்டுப் பிடித்தால் முறை வரும்வரை பொறுத்து எடுங்கள். இரண்டு மூன்று வீடு சேர்ந்து வாங்குவதும் நல்லதுதான். ஆனால் எந்த வீட்டில் இருக்கும், எண்ணெய் யார் போடுவது, ஊசி உடைந்தால் யார் காசு என்பதை வாங்குகிறதற்கு முன்னாலேயே பேசி ஒரு கொப்பியில் எழுதிவிடுங்கள். மெசினால் வந்த சண்டை இரண்டை நான் தீர்த்து வைத்திருக்கிறேன், இரண்டும் எழுதாததால் வந்தது.

வாங்கிக் கொண்டுவந்தாயிற்று. இனிமேல்தான் பெரிய விஷயம், எண்ணெய்.

நம் தோட்டங்களில் நான் பார்த்த இறுகிப்போன மெசின்களில் பாதிக்குக் காரணம் தேங்காயெண்ணெய். வீட்டில் இருக்கிற எண்ணெய்தானே என்று இரண்டு சொட்டு விடுவது. எங்கட கல்முனைப் பக்கத்தில் அப்படிச் செய்தால் கொஞ்ச நாள் ஓடும், ஏனென்றால் அங்கே வெயிலுக்குத் தேங்காயெண்ணெய் உறைவதில்லை. தேங்காயெண்ணெய் 24 பாகைக்குக் கீழே போனால் உறையத் தொடங்கும். நுவரெலியாப் பக்கம் சராசரியே 16 பாகையளவு. காலையில் உங்கள் தலைக்கு வைக்கிற எண்ணெய் போத்தலில் வெள்ளையாய் நிற்கிறதல்லவா, மெசினுக்குள்ளும் அப்படித்தான் நிற்கும். அது மட்டுமா, நாளாக நாளாகப் பிசின் மாதிரி ஒட்டிப் பிடிக்கும். ஆகவே மெசின் எண்ணெய் என்றே கேட்டு வாங்குங்கள், தண்ணீர் மாதிரித் தெளிவாய் இருக்கும். சின்னப் போத்தல் ஒன்று பல மாதம் வரும்.

ஏற்கெனவே பிசின் பிடித்த மெசினுக்கு மண்ணெண்ணெய். அடுப்புக்கும் விளக்குக்கும் தூரமாக, வெளித்திண்ணையில் வைத்து, ஒவ்வொரு எண்ணெய்த் துளையிலும் சில சொட்டு மண்ணெண்ணெய் விட்டுச் சில்லை முன்னும் பின்னும் அசைத்துவிட்டு ஓர் இரவு விடுங்கள். ஷட்டிலைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்யுங்கள். அடுத்த நாள் கறுப்பாக அழுக்கு ஒழுகும், துடையுங்கள். அசையாவிட்டால் திரும்பச் செய்யுங்கள், சுத்தியலை எடுக்காதீர்கள். கடைசியில் கட்டாயம் மெசின் எண்ணெய் விட வேண்டும், ஏனென்றால் மண்ணெண்ணெய் காய்ந்துபோனால் இரும்பும் இரும்பும் வெறுமையாக உரசும். மேலே கறுப்பு மினுக்கையும் தங்கப் பூவையும் தின்னரோ ஸ்பிரிட்டோ போட்டுத் துடைத்தால் பூ துணியோடு வந்துவிடும்.

தண்ணீரில் மூழ்கிய மெசினையும் காப்பாற்றலாம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையிலேயே கூடுதலாக ஆட்களை இழந்தது எங்கள் அம்பாறை மாவட்டம். மாளிகைக்காட்டில் என் சாச்சியின் வீட்டில் சுவர் நிற்கவில்லை. ஒன்பதாம் நாள் மணலுக்குள்ளிருந்து கை மெசினைத் தோண்டி எடுத்தார்கள். கடல் உப்பு இரும்பை விடாது. அங்கே ஒரு வயதான தையற்காரர் சொன்னபடி, முதலில் நல்ல தண்ணீரால் உப்புப் போகக் கழுவினார்கள். தண்ணீரா என்று எல்லோரும் பயந்தார்கள், ஆனால் உப்பைக் கரைக்க அதுதான் வழி. உடனே வெயிலில் காயவைத்து, மண்ணெண்ணெய், பிறகு எண்ணெய், கிழமைக் கணக்காக. அடிப்பலகை போய்விட்டது, கறுப்பு நிறம் பாதி போய்விட்டது. அடுத்த வருடத்துப் பெருநாளைக்கு அகதி முகாமில் அந்த மெசினில்தான் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்தார்கள். இன்னும் ஓடுகிறது. நம் பக்கம் கடல் இல்லை, ஆனால் மழையில் கூரை ஒழுகும், மண்சரிவு நேரம் காம்பராவுக்குள் சேற்றுத் தண்ணீர் வரும். நனைந்தால் "அவ்வளவுதான்" என்று மூலையில் போடாதீர்கள். அன்றைக்கே துடைத்து எண்ணெய் விடுங்கள், ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் துரு ஏறியிருக்கும்.

ஒழுங்காகத் தைக்கிறவர்கள் கிழமைக்கு ஒரு தடவை ஊசித்தகட்டைக் கழற்றிப் பஞ்சுத் தூசியைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் எடுங்கள். பல்லுக்கும் ஷட்டிலுக்கும் நடுவில் பஞ்சு அடைந்து கம்பளி மாதிரி இருக்கும். பிறகு அசைகிற ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சொட்டு, ஒன்றே ஒன்று. பிறகு கந்தைத் துணியில் ஓட்டிவிட்டுத்தான் வெள்ளைச் சட்டையை வைக்க வேண்டும். அடுப்புப் புகை படுகிற இடத்தில் மெசினை வைக்காதீர்கள். புகையும் எண்ணெயும் சேர்ந்தால் தார்தான். உப்புச் சாடிக்குப் பக்கத்திலும் வேண்டாம். வெயில் அடிக்கிற நாளில் மூடியைக் கழற்றி வெளியே காயவையுங்கள், எலி கூடு கட்டியிருந்தால் அப்போது தெரியும்.

தையல் சரியில்லை என்றால் உடனே எல்லாத் திருகையும் திருகுகிற பழக்கம் இருக்கிறது. முதலில் ஊசியை மாற்றுங்கள். ஊசியின் தட்டைப் பக்கம் ஷட்டில் வருகிற பக்கம் பார்க்க வேண்டும், நீட்டுக் கோடு உள்ள பக்கத்தால் நூலைக் கோக்க வேண்டும். சீருடைத் துணிக்கு 14 ஆம் இலக்க ஊசி, தடித்ததற்கு 16. அடிப்பக்கத்தில் நூல் கும்பலாகத் திரண்டால் குற்றம் பெரும்பாலும் மேல் நூலில், கோத்த வழி பிசகியிருக்கும். மேல்நூல் கம்பி மாதிரி நேராய்க் கிடந்தால் மேல் இறுக்கம் கூடிவிட்டது. பொபின் கேசிலுள்ள சின்னத் திருகைக் கடைசியில்தான் தொட வேண்டும், அதுவும் கால் சுற்று. துணியைப் பின்னால் இழுக்காதீர்கள், பல் தானாகத் தள்ளும், இழுத்தால் ஊசி வளையும். நூல் போட்டிருக்கும்போது சில்லைத் தலைகீழாகச் சுற்றினால் உள்ளே சிக்கிவிடும். மலையில் இடுப்பில் கட்டுகிற படங்கைத் தைக்கலாமா என்று ஓர் அம்மா கேட்டார். 18 ஆம் இலக்க ஊசி போட்டு, கையால் மெதுவாக, ஒரு மடிப்பு மட்டும் தைக்கலாம். இரண்டு மடிப்பு என்றால் சாக்கூசிதான்.

அடுத்த கூட்டத்துக்கு மெசின் வைத்திருக்கிறவர்கள் முழு மெசினையும் தூக்கிக்கொண்டு வரவேண்டாம். ஷட்டிலையும் ஒரு பொபினையும் பழைய ஊசி ஒன்றையும் துணியில் முடிந்து, பெயரையும் லய இலக்கத்தையும் எழுதிக் கொண்டு வாருங்கள். நான் டவுனுக்குப் போகிறபோது அளவு காட்டி எல்லோருக்கும் சேர்த்து ஊசியும் பொபினும் எண்ணெயும் வாங்கி வருகிறேன். காசை முதலில் தர வேண்டும்.